கம்பெனி மேல் போட்ட பழி

அம்மணிக்கு மாமன் எழுதிக்கொள்வது.

நாங்கள் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமா என்று ஆரம்பிக்கத்தான் என் கை பழகியிருக்கிறது. அதில் ஒரு சொல்கூட இன்றைக்கு நிஜமில்லை என்பதால் விட்டுவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கும்பிடு போட்டேன் என்பது ஊரில் நான் சொல்வது. வாத்தியார் எனக்குப் போட்டது முட்டை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னைப்போலக் கடிதம் எழுத ஆள் கிடையாது. இதை மடித்து உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் சோமனூர் சந்தையிலிருந்து கருமத்தம்பட்டி நால்ரோடு வரைக்கும் உன் பெருமையையும் என் பெருமையையும் மைக் இல்லாமல் பரப்பியவன் நான். பெருமையை ஊருக்குச் சொன்னவன் தப்பை மட்டும் உறையில் போட்டு ஒட்டி அனுப்புவது சரியில்லை. அதனால் எல்லோரும் படிக்கட்டும். உன் பெயரை எங்கும் எழுதவில்லை. அம்மணி என்று கூப்பிட்டால் இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தி திரும்பிப் பார்ப்பாள். அவர்களில் நீ யார் என்று உனக்குத் தெரிந்தால் போதும்.

நான் சொல்வதில் எதை நம்புவது, எதை விடுவது என்பதற்கு நீ சின்னப் பிள்ளையிலேயே ஒரு வழி வைத்திருந்தாய். நம் தறிக்குடோனுக்குத் துணி எடுக்க வரும் வியாபாரி, கறை, கிழிசல் என்று காரணம் சொல்லிக் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் கணக்குப் பார்ப்பார். அதற்குக் கழிவு என்று பேர். பாவு நூல் மூட்டை மேல் உட்கார்ந்து அதையெல்லாம் நீ கேட்டுக்கொண்டிருப்பாய். ஒருநாள் குடோனுக்குள் பாம்பு வந்த கதையை நான் ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாம்பின் தலை இந்தக் கதவில், வால் அந்தக் கதவில், நான் வெறுங்கையால் பிடித்து வெளியே எறிந்தேன் என்று. நீ மூட்டை மேலிருந்தபடி, "கழிவு போக எவ்வளவு நீளமுங்க மாமா?" என்று கேட்டாய். ஆட்கள் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். ஒரு முழம் என்று ஒத்துக்கொண்டேன். "அது பாம்புதானுங்களா?" என்றாய். அரணை என்று அதையும் ஒத்துக்கொண்டேன். அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தாலே நீயும் உன் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கழிவு போட்டுக்கொள்வீர்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததே இல்லை. கழிவு போட்ட பிறகும் கொஞ்சம் மிஞ்சும் என்று நம்பித்தானே ஒரு மனுஷன் கழிவு போடுகிறான்.

நீ பீளமேட்டில் இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்த வருஷம், தொட்டால் நகரும் போன் அப்போதுதான் சாதாரண ஜனங்கள் கைக்கு வர ஆரம்பித்திருந்தது. ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளைக்கு நல்லதாக ஒன்று வாங்கித் தருவதென்று நாம் மூன்று பேரும் காந்திபுரம் போனோம். உன் அப்பா இறந்து, உன் அம்மா உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உனக்கு வாங்கியதையெல்லாம் நான்தான் வாங்கினேன். போனை மட்டும் விட்டுவிடுவேனா. கடைக்காரர் இரண்டை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். இரண்டும் கறுப்பு. இரண்டும் சிலேட்டைச் சின்னதாக அறுத்த மாதிரி. இரண்டுக்கும் கீழே ஒரே ஒரு பொத்தான். திருப்பிப் பார்த்தால் ஒன்றுக்கு கேமரா நடுவில், இன்னொன்றுக்கு ஓரத்தில். ஒன்றோடு சிவப்பு விளம்பரக் கம்பெனியின் சிம், இன்னொன்றோடு நீல விளம்பரக் கம்பெனியின் சிம். சிவப்புக்கு நம் ஊரிலேயே டவர் இருக்கிறது, நீலத்துக்குக் காலேஜ் பக்கம் நெட் வேகம் என்றார். எது நல்லது என்றேன். "ரெண்டும் அண்ணந்தம்பி மாதிரிங்க. சட்டைதான் வேற" என்றார். உன்னைக் கேட்டால் நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்க இஷ்டமுங்க மாமா" என்றாய். நான் இரண்டையும் கட்டச் சொன்னேன். ஒன்று உனக்கு, ஒன்று வீட்டுக்கு. எது யாருக்கு என்பதை வீட்டில் போய் முடிவு செய்கிறேன் என்றேன். கடைக்காரர் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார் என்று பிற்பாடு ஊரில் சொன்னேன். கழிவு போக, அவர் பில் புத்தகத்தை எடுக்கத்தான் எழுந்தார்.

அடுத்த நாள் காலையில் நான் வைத்த பரீட்சை உனக்கு மறந்திருக்காது. தறி ஓடும் சத்தத்தில் எந்தப் போன் கேட்கிறதோ அதுதான் போன் என்று அறிவித்துவிட்டு, குடோனில் இருந்த அத்தனை தறியையும் ஓட்டச் சொன்னேன். ஊடைநூலைக் கொண்டு ஓடும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கும் அடியில் பல்லெல்லாம் அதிரும். நீ வெளியே ஜன்னலுக்கு எதிரே, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று கூப்பிட வேண்டும். நான் உள்ளே நின்று என் பழைய போனில் கேட்க வேண்டும். முதலில் சிவப்பு, பிறகு நீலம். இரண்டையும் கேட்டுவிட்டு வெளியே வந்து, "நீலத்துல நீ மூச்சு உடறதுகூடக் கேக்குது கண்ணு. சிவப்புல கரகரங்குது. நீலந்தான் உனக்கு" என்றேன். உன் முகம் மலர்ந்தது. உன் அம்மா, எங்கண்ணன் காது யாருக்கு வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். நான் தினமும் டீ குடிக்கும் பேக்கரியில் இந்தக் கதையைப் பல வருஷம் சொன்னேன். கடைசியாகச் சொன்னபோது நீலக் கம்பெனி அதிகாரிகள் கோயமுத்தூரிலிருந்து கார் வைத்துக்கொண்டு என் காதைப் பார்க்க வந்துவிட்டார்கள். இந்தப் பரீட்சையில் இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீலத்திலிருந்து நீலத்துக்குப் பேசினால் காசு கிடையாது என்றார்கள். அதனால் நானும் ஒரு நீல சிம் வாங்கிப் போட்டுக்கொண்டேன். சிவப்பு போன் உன் அம்மாவுக்குப் போனது; அவள் அதை பிளாஸ்டிக் கவரோடு அரிசி டப்பா மேல் வைத்தாள். அதிலிருந்துதான் எல்லாம் என் வழியாக வர ஆரம்பித்தது. ஹாஸ்டலில் சாப்பாடு சரியில்லை என்றாலும், பரீட்சையில் பாஸ் என்றாலும், சரவணம்பட்டியில் வேலை கிடைத்தது என்றாலும் நீ என்னைத்தான் கூப்பிடுவாய். நான் அடுப்படிக்குப் போய் உன் அம்மாவிடம் சொல்வேன், கொஞ்சம் சேர்த்து. ஆபீசில் உனக்கு ஒரு பீங்கான் கப் கொடுத்தால் அது அடுப்படிக்குப் போவதற்குள் வெள்ளிக் கப் ஆகிவிடும். கல்யாணமாகி நீ பூனா போனபோது எந்தக் கம்பெனியிலிருந்து எந்தக் கம்பெனிக்குப் பேசினாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. ஆனாலும் உன் கை என் நம்பரைத்தான் தொடும். எனக்கு அது பெருமை. அம்மாவையே கூப்பிடு கண்ணு என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். அம்மணி, எனக்குக் காது கேட்பதில்லை. எப்போது போனது என்று சொல்லத் தெரியவில்லை. மீசை முளைக்கும் முன்னே தறிக்குள் நுழைந்தவன். தறிக்காரர்கள் யாரும் குடோனுக்குள் காதை நம்பிப் பேசுவதில்லை. எதிரே இருப்பவன் வாயைப் பார்த்தே டீயா, நூல் அறுந்ததா, முதலாளி வருகிறாரா என்று தெரிந்துகொள்வோம். அப்படிப் பழகிப் பழகி, வெளியே வந்த பிறகும் நான் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியாமல். நேரே நின்று பேசினால் நீ முணுமுணுத்தாலும் எனக்குப் புரியும். அதனால் உன் அம்மாவுக்குத் தெரியவில்லை, ஊருக்குத் தெரியவில்லை. மாட்டிக்கொண்டது போனில்தான். போனுக்கு வாய் கிடையாது. காதில் வைத்தால் யாரோ தலையணைக்குள் முகத்தைப் புதைத்துப் பேசுவது மாதிரி ஒரு மொணமொணப்பு வரும், அவ்வளவுதான்.

காதைச் சந்தேகப்படுகிற ஆளா நான்? கம்பெனியைச் சந்தேகப்பட்டேன். நீலக் கம்பெனி கெட்டுப்போய்விட்டது என்று பேக்கரியில் அறிவித்தேன். நம்பரை மாற்றாமல் சிவப்புக்கு மாறினேன். அதுவும் அப்படியே. புதிதாக வந்த இன்னொன்றுக்கு மாறினேன். போனை மாற்றினேன். சத்தம் ஜாஸ்தி என்று சொன்ன போனை வாங்கினேன். சோமனூரில் போன் கடையில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள், உன் வயசுதான் இருக்கும். அவளிடம் போய் டவரே இல்லாத சிம்மைத் தலையில் கட்டிவிட்டாய் என்று சண்டை போட்டேன். அவள் என் போனை வாங்கித் தன் காதில் வைத்துப் பேசிப் பார்த்தாள். "எனக்கு நல்லாக் கேக்குதுங்களே" என்றாள். அப்படியானால் உன் காதைப் போய்க் காட்டு என்றேன். அவள் கோபிக்கவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காதபடி, "போன்ல ஒண்ணுமில்லைங்கய்யா" என்றாள். அவள் வாய் சொன்னது எனக்குத் துல்லியமாகப் புரிந்தது. புரியாத மாதிரி வெளியே வந்து வண்டியை எடுத்தேன்.

உன்னோடு எப்படிப் பேசிக்கொண்டிருந்தேன் என்று நீ கேட்பாய். நீ ஒழுங்கான பிள்ளை. ஒரே வரிசையில்தான் கேட்பாய். முதலில் சாப்பிட்டீர்களா. அடுத்து சர்க்கரை மாத்திரை. கடைசியில் இங்கிருந்து ஏதாவது அனுப்பட்டுமா. மொணமொணப்பு நின்றதும் நான், சாப்ட்டேன் கண்ணு என்பேன். அடுத்ததாக நின்றதும், அதெல்லாம் தவறாமப் போட்டுக்கறேன் என்பேன். மூன்றாவதாக நின்றதும், அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், நீ அங்கயே சந்தோசமா இரு என்பேன். பிறகு மழை, நூல் விலை, என் வீரப் பிரதாபம் என்று நானே பேசி வைத்துவிடுவேன். இப்படி ஒரு வருஷம் ஓட்டினேன். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை முகம் தெரிகிற மாதிரி கூப்பிடுவாய். அது எனக்குச் சர்க்கரைப் பொங்கல், ஒரு சொல் விடாமல் புரியும். அதையும் நீ நிறுத்திவிட்டாய். இங்கே நெட்வொர்க் சரியில்லை மாமா, சும்மா போனிலேயே பேசலாம் என்று எழுதி அனுப்பினாய். பூனாவிலும் கம்பெனிகள் இப்படித்தான் போலிருக்கிறது என்று நான் நம்பினேன். அம்மணி, நீ ஏன் முகத்தைக் காட்டவில்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

அன்றைக்கு நீ கூப்பிட்டது வழக்கமில்லாத நேரம், வேலை நாள் மத்தியானம். நான் பேக்கரியில் நாலு பேரோடு உட்கார்ந்திருந்தேன். போனில் உன் போட்டோ வந்ததும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டி, பூனாவிலிருந்து, ஒரு நாள் என் குரல் கேட்காவிட்டால் இவளுக்குச் சோறு இறங்காது என்றேன். பிறகு காதில் வைத்தேன். மொணமொணப்பு நீளமாக வந்தது. நின்றது. சாப்ட்டேன் கண்ணு என்றேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. மறுபடி வந்தது, சின்னதாக, விட்டு விட்டு. அதெல்லாம் தவறாமல் நடக்குது என்றேன். அப்புறம் ரொம்பக் கொஞ்சமாக வந்து நின்றது. நான் நாலு பேருக்கும் கேட்கிற குரலில், "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம் கண்ணு. நீ அங்கயே சந்தோசமா இரு" என்றேன். சிரித்தேன். வைத்துவிட்டு, புதுப் போன் ஒன்று அனுப்புகிறேன் என்று அடம் பிடிக்கிறாள், நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று அவர்களிடம் சொன்னேன். டீயும் சொன்னேன்.

அதற்குப் பிறகு நீ கூப்பிடவில்லை. உன் அம்மா தினமும் கேட்பாள். டவர் பிரச்சினை, இந்தக் கம்பெனியை விட்டுத் தொலைக்க வேண்டும் என்பேன். அவள் அரிசி டப்பா மேலிருந்து தன் போனை எடுத்து உன்னைக் கூப்பிட்டால் நீ எடுக்கவில்லை. பிள்ளைக்கு வேலை அதிகம் என்றேன். வேலையில் உன்னை மேனேஜர் ஆக்கிவிட்டார்கள் என்று அதற்கும் ஒரு கதை கட்டினேன். அவள் பாதி நம்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் சிநேகிதி, கோட்டைமேட்டுப் பிள்ளை நஸ்ரீன், ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். காலேஜில் இடம் வாங்கப் போன நாளிலேயே உனக்குச் சிநேகிதியாகி, நம் வீட்டில் கை நனைத்த பிள்ளை. உட்காரு என்றால் உட்காரவில்லை. வாசலிலேயே என் எதிரில் நின்று, "ஏனுங்க மாமா, ஊட்டுக்கு வந்தரட்டுங்களான்னு அவ அழுதுட்டுக் கேட்டதுக்கு, வேண்டாம், அங்கயே சந்தோசமா இருன்னு சொல்லிப்போட்டீங்களாமா?" என்று கேட்டாள். எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. அவள் மேலே மேலே சொன்னாள். மாப்பிள்ளை வீட்டில் நீ பட்டது. ஒரு பையோடு வெளியே வந்து பெண்கள் விடுதியில் தங்கியிருப்பது. அம்மா தாங்க மாட்டாள், மாமா பக்குவமாகச் சொல்வார் என்று நினைத்து நீ என்னை முதலில் கூப்பிட்டது. நான் நஸ்ரீன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காமல் இருந்திருந்தால் தெரியாமல் போயிருக்கும். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

அப்போது நஸ்ரீன் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடி பின்னால் பார்த்தாள். உன் அம்மா தண்ணீர்ச் சொம்போடு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, என்னங்கண்ணா சொல்லுது இந்தப் பிள்ளை, என்னங்கண்ணா என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். நான் திரும்பவில்லை. நஸ்ரீன் கெட்டிக்காரி. துப்பட்டாவை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டு ஏதோ பேசினாள் என்பது துணி அசைந்ததில் தெரிந்தது. துணி அசைவது நின்றதும் என் வாய் தானாகத் திறந்தது.

"சாப்ட்டேன் கண்ணு" என்றேன்.

துப்பட்டாவை இறக்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். உங்களுக்குக் காது கேட்கிறதா என்றுதான் நான் கேட்டேன் மாமா என்றாள். உன் அம்மா சொம்பை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. எழுந்து என் முன்னால் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து, "எத்தனை நாளாங்கண்ணா?" என்று மட்டும் கேட்டாள். அவள் என்னிடம் அப்படி வாயைத் திறந்து காட்டிப் பேசியது அன்றைக்குத்தான் ஆரம்பம். இப்போது தினமும் அப்படித்தான் பேசுகிறாள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

நஸ்ரீனே என்னை டவுனில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போனாள். காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அங்கேயும் என் புத்தி போகவில்லை. நான் கேட்காமலே அமுக்கிக்கொண்டிருந்தேன், நன்றாக வேகமாக, நல்ல மார்க் வரட்டும் என்று. டாக்டர் கருவியை எடுத்துவிட்டு, இன்னும் சத்தமே போடவில்லை ஐயா என்றார். மிஷின் மாட்டினால் கொஞ்சம் தெரியும், போனது போனதுதான் என்று சொல்லியிருக்கிறார். மிஷினும் இரண்டு கம்பெனி இருக்கிறது, இரண்டும் ஒன்று போலத்தான், எது வேண்டும் என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நஸ்ரீன் தேர்ந்தெடுத்தாள்.

அவள் உன்னிடம் எல்லாம் சொன்னாள். நீ சொன்ன பதிலை என்னிடம் மறைக்கப் பார்த்து, எனக்குக் கேட்காது என்று உன் அம்மாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டால் ஒழிய என்னிடம் எதையும் மறைக்க முடியாது என்பது அவளுக்கு அப்போது மறந்துவிட்டது. மாமாவுக்குக் காது கேக்காதா, அதுவும் மாமா கட்டுன கதைதான், கழிவு போட்டுக்கோ என்று சொன்னாயாம். அம்மாவும் எல்லாம் தெரிந்து, அங்கேயே இரு என்று சொல்லத்தானே கூப்பிட்டாள், அதனால்தான் எடுக்கவில்லை என்றாயாம். பிறகு, "வேண்டாம்னு சொன்ன ஊட்டுக்கு எப்படி வாரது? அது மாமா ஊடுதானே" என்றாயாம். அம்மணி, நான் கட்டிய கதைகள் எல்லாம் திரும்பி வந்து என் வாசலில் நிற்கின்றன. ஒரே ஒரு தடவை நிஜம் சொல்ல வேண்டி வந்தபோது என்னை நம்ப ஆள் இல்லை. அதற்கு உன்மேல் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கடைசி வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அது மாமா வீடு இல்லை கண்ணு. நீங்கள் இரண்டு பேரும் வருவதற்கு முன்னால் நான் தறிக்குடோனிலேயே சாப்பிட்டு, நூல் மூட்டை மேல் படுத்துக் கிடந்தவன். அந்த வீட்டுக் கதவுக்குப் பூட்டு போட்டுத்தான் வைத்திருந்தேன். எனக்குப் பெண் கொடுக்கப் பல்லடம் வரை வரிசை நின்றது என்று நான் சொன்னதற்கெல்லாம் மொத்தமாகக் கழிவு போட்டுக்கொள், ஒருவரும் வரவில்லை. நீ வந்த பிறகுதான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவது என்ற பழக்கமே எனக்கு வந்தது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் வயசு சொல்ல வைக்கிறது. நீயும் ஒரு வருஷம் நெட்வொர்க் மேல் பழி போட்டாய், நானும் ஒரு வருஷம் நெட்வொர்க் மேல் பழி போட்டேன். பாவம், கம்பெனிகள். சிவப்பு, நீலம் எல்லாம் இங்கிருந்து பூனா வரைக்கும் லைனை ஒழுங்காகத்தான் இழுத்துக் கட்டியிருந்தார்கள். நீ முகத்தை மறைத்தாய், நான் காதை மறைத்தேன். நான் ஊரெல்லாம் சொன்ன கதைகளில் உன்னைச் சந்தோஷமாக வைத்திருந்ததால் நீ கஷ்டத்தைச் சொல்ல இடமில்லாமல் போனது. இனிமேல் யாராவது சிக்னல் சரியில்லை என்று உன்னிடம் சொன்னால், சரி என்று விட்டுவிடாதே. ஒரே பதிலையே ஒருத்தர் திரும்பத் திரும்பச் சொன்னால், அவர் நன்றாக இருக்கிறார் என்று நினைத்துவிடாதே. பக்கத்தில் போய்ப் பார்.

இப்போது அந்தப் பரீட்சையில் விட்டதைச் சொல்கிறேன். அன்றைக்குக் குடோனுக்குள் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சிவப்பிலும் இல்லை, நீலத்திலும் இல்லை. அத்தனை தறி ஓடும்போது யாருக்கும் கேட்காது. அது பரீட்சையே இல்லை. நான் ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு போனை வைத்துக்கொண்டு, "மாமா, கேக்குதுங்களா" என்று சும்மா சொன்னாய். நீலத்தை எடுத்ததும் சுற்றிலும் பார்த்துவிட்டு, தறிச் சத்தத்தில் மாமனுக்கு எங்கே கேட்கப்போகிறது என்ற தைரியத்தில், "மாமா, நீலமே வேணுமுங்க, நஸ்ரீனெல்லாம் நீலம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாய். கடையில் கேட்டபோது சொல்லாததை ஜன்னலுக்கு வெளியே சொன்னாய். அதைப் பார்த்துத்தான் நீலம் என்றேன். நல்ல காது என்று ஊரெல்லாம் பேர் வாங்கியது இந்தக் கண். நீ வாய்விட்டுக் கேட்காததையெல்லாம் நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன், கடைசி ஒன்றைத் தவிர.

நீ இங்கே வர வேண்டியதில்லை. வரச் சொல்கிற உரிமையை நான் பேக்கரியில் தொலைத்துவிட்டேன். நானும் உன் அம்மாவும் ரயிலேறப் போகிறோம். விடுதியின் விலாசத்தை நஸ்ரீன் எழுதிக் கொடுத்துவிட்டாள். உன் அறை மாடியில், ரோட்டைப் பார்த்த ஜன்னல் என்று சொன்னாள். நாங்கள் எதிர்ப்பக்கம் நிற்போம். வாட்ச்மேன் விரட்டினால் கொஞ்சம் தள்ளி நிற்போம். அவரை என் வாய்ச் சவடாலால் சமாளிக்க மாட்டேன், அம்மா பேசிக்கொள்வாள். நீ கதவைத் திறக்க வேண்டாம். கீழே இறங்கி வரவும் வேண்டாம். ஜன்னலுக்கு மட்டும் வா. போன் வேண்டாம், சத்தமும் வேண்டாம். அங்கே எத்தனை பஸ், லாரி போனாலும் பரவாயில்லை.

அன்றைக்கு என்னிடம் கேட்டதை இன்னொரு தடவை கேள், கண்ணு. நான் உன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மாமா